பத்து நட்டும் ஒரு பைப்பும்

பஸ்ஸின் பின்சக்கரம் ஒன்று, டயர், டியூப், பிளாப், டிஸ்க் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவை ஒட்டி வரும். அதைப் பிடித்து நிறுத்துவது பத்து நட். அந்தப் பத்தையும் கழற்ற எங்கள் பக்கத்து வண்டிகளில் என்ன இருக்கிறது? வளைந்துபோன எல் ஸ்பேனர் ஒன்று. யார் வீட்டு போர்வெல்லில் இருந்தோ வந்து சேர்ந்த ஜி.ஐ. பைப் ஒன்று. அந்தப் பைப்பின் மேல் ஏறி நின்று குதிக்க ஒரு கிளீனர் பையன். பட்டியல் முடிந்தது.

கரூருக்குப் போய் லட்சக்கணக்கில் கொட்டி பாடி கட்டுகிறோம். கண்ணாடியில் குலசாமி பெயர், கூரையில் கலர் லைட்டு, கல்யாண டிரிப்புக்கென்று காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். சீட்டுத் துணியின் நிறத்துக்கு ஒரு வாரம் யோசிக்கிற முதலாளி, வீல் ஸ்பேனரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. ‘அதான் வண்டியோட வந்திருக்குல்ல?’ வந்திருக்கிறது, சரி. ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், அதுவும் சரி. மற்ற நாட்களில் அது டூல்ஸ் பெட்டியில் துருப்பிடித்துக் கிடக்கும். வெம்பக்கோட்டை ரோட்டில் விடியற்காலை டயர் வெடித்து நிற்கும்போதுதான் தெரியும், அதன் வாய் அகன்றுபோய் நட்டைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

எனக்குள்ளது ஒரே ஒரு பழைய பஸ். காலையில் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றி இறக்கும், முகூர்த்த நாட்களில் கல்யாணத்துக்குப் போகும். ஆலை வண்டியில் வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நிறையப் பேருக்குப் பீஸ் ரேட். எத்தனை வெடிக்குத் திரி வைத்தார்கள், எத்தனை பெட்டி அடுக்கினார்கள் என்று எண்ணித்தான் காசு. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும் என்று இருட்டோடு கிளம்பி வருகிறவர்கள் அவர்கள். வண்டி ஒரு மணி நேரம் ரோட்டில் நின்றால் அது அவர்கள் கூலியில் விழுகிற துண்டு. கையில் தூக்குச்சட்டியோடு கருவேல மரத்தடியில் நின்றுகொண்டு, “இன்னும் எம்புட்டு நேரம் அண்ணாச்சி ஆகும்?” என்று ஓர் அக்கா கேட்பார். என்ன சொல்ல? பையன் பைப்பின் மேல் குதித்துக்கொண்டிருக்கிறான். நட்டு அசைந்தால்தானே நேரம் சொல்ல முடியும்.

ஏன் அசைய மாட்டேன் என்கிறது என்பதில்தான் என் ஆதங்கமே இருக்கிறது. கனரக வண்டிகளின் 22 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஏறும் நட்டை 550 முதல் 650 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடும், குறையும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் அறுபது கிலோ ஆள் தன் எடையைப் போட்டால் கிட்டத்தட்ட அதே முறுக்குதான் கிடைக்கும். அதாவது சாதாரண ஆள் ஒருவன், குதிக்காமல், தொங்காமல், இறுக்கவும் முடியும், துருவுக்காகக் கொஞ்சம் கூடுதலாக நெம்பிக் கழற்றவும் முடியும். வண்டியை வடிவமைத்தவர்கள் மனுஷனைக் கணக்கில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கெடுத்தது டயர் கடை ஏர் கன். ஒரு இஞ்ச் கன் 1500, 2000 நியூட்டன் மீட்டர் என்று சுலபமாக அடிக்கும். கடைப் பையன் நட்டில் அதை வைத்து ‘டர்ர்ர்’ என்று விடுவான். நின்ற பிறகும் விடமாட்டான், இன்னொரு தடவை ‘டர்ர்’. கேட்டால், “நல்லா டைட்டா இருக்கட்டும்ணே” என்பான். அவன் கன்னை மாட்டி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறான். மூன்று மாதம் கழித்து அதே நட்டை நடுரோட்டில் கையால் கழற்றப் போகிறவன் வேறொருவன். அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டட் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட ஸ்டட்டுக்குப் பிடிப்பு குறையும். ரொம்ப டைட்டாக இருக்கட்டும் என்று செய்த காரியமே சக்கரம் கழன்று ஓடுவதற்கு வழி பண்ணுகிறது. இதைச் சொன்னால் என்னை ஏதோ கஞ்சன் மாதிரி பார்க்கிறார்கள்.

சரி, நல்ல டூல்ஸாக வாங்கிவிடுவோம் என்று கிளம்பினால் அது தனிச் சள்ளை. கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, “நட் முப்பத்திரெண்டா, முப்பத்துமூணா?” பஸ், லாரி நட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டு அளவில்தான் வரும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று 32 நட்டில் 33 சாக்கெட்டை மாட்டிப் பைப் போட்டு ஏறினால் நட்டின் முனை மழுங்கிவிடும். மழுங்கின நட்டுக்கு அப்புறம் உளிதான், சுத்தியல்தான். வழுக்கின ஸ்பேனர் நெம்புகிறவன் தாடையிலோ முழங்காலிலோதான் வந்து நிற்கும். லாரித் தொழிலில் வயதான கிளீனர்களின் முன்பல் வரிசையைப் பாருங்கள், கதை தெரியும். சாக்கெட் வாங்கினால் கன்னத்தில் தடித்த, கறுத்த இம்பாக்ட் சாக்கெட்டாக வாங்க வேண்டும். பளபளவென்று குரோம் பூசியது எல்லாம் கை ஸ்பேனருக்கு. கன்னில் மாட்டினால் வெடித்துச் சிதறும். கடையில் முன்னால் தொங்குவதெல்லாம் பளபளா சமாச்சாரம்தான்.

அடுத்து, கையால் சுற்றுகிற பல்சக்கரப் பெட்டி. டார்க் மல்டிப்ளையர் என்பார்கள். ஒரு பக்கம் சாக்கெட் நட்டில் உட்காரும், அதன் கால் பக்கத்து நட்டில் முட்டுக்கொடுத்து நிற்கும், பின்னால் உள்ள கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சந்தையில் அதிகம் விற்பது ஒன்றுக்கு ஐம்பத்தெட்டு விகிதம் என்று எழுதியிருப்பது. கைப்பிடியை ஐம்பத்தெட்டு தடவை சுற்றினால் நட்டு ஒரு சுற்று. கேட்கவே கொட்டாவி வருகிறதல்லவா? ஆனால் நட்டை முழுக்க அதிலேயே கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதல் கால் சுற்றுக்குத்தான் அது. பிடி விட்டதும் எடுத்துவிட்டு எல் ஸ்பேனரில் சுழற்றிவிடலாம். ஒல்லியான பெண்பிள்ளைகூட உட்கார்ந்தபடி செய்துவிடும் வேலை. நான் பார்த்தவரையில் ரோட்டில் நிற்கிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். மட்டமான வார்ப்பில் வருவது நாலு தடவையில் பல் உடைந்து கையில் வரும். இன்னொன்று, அதைக்கொண்டு இறுக்கவே கூடாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று கைக்குத் தெரியாமலே ஸ்டட்டை அறுத்துவிடும்.

பேட்டரி கன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அருமையான சாமான். முக்கால் இஞ்ச் டிரைவில் ஆயிரத்துக்கு மேல் முறுக்குத் தருகிறது, கம்ப்ரசரும் வேண்டாம், ஓசும் வேண்டாம். ஆனால் அவசரத்துக்கு எடுத்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்காது. சார்ஜரை டிரைவர் வீட்டில் விட்டிருப்பார். வீட்டில் இருக்க வேண்டிய ஒன்று வண்டியில் இருக்கும், வண்டியில் இருக்க வேண்டியது வீட்டில் இருக்கும். பட்டறைக்கு அது நல்லது, சொந்தமாக நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்லது. ஒற்றை பஸ்காரனுக்கு பல்சக்கரப் பெட்டியே போதும்.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் இருபது டன் ஜாக்கி வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். 2018-ல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது நாலு டயர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 ஆனது. ஒரு பக்கத்தைத் தூக்க அதில் பாதிதானே, பத்து டன் ஜாக்கியே தாங்கும். பிரச்சனை டன்னில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. உள் டயரும் வெளி டயரும் சேர்ந்து இறங்கிவிட்டால் அச்சு தரையோடு தரையாக வந்துவிடும், பாட்டில் ஜாக்கி அடியில் நுழையவே நுழையாது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள ஆம்னி பஸ் என்றால் காற்று இறங்கினதும் வண்டி இன்னும் தணிந்து உட்காரும். அப்போது டிரைவர் குழி தோண்டுவார். ஆம், ஜாக்கி வைக்கக் குழி! கடப்பாரையால் ரோட்டோரத்தைக் குத்தி எடுப்பார். வாங்கும்போதே ஜாக்கியின் மடக்கிய உயரம் எவ்வளவு என்று ஓர் அடி ஸ்கேலை வைத்து அளந்தால் இந்தப் பாடு இல்லை. அந்த ஜாக்கியையும் படுக்கப் போட்டு வைப்பார்கள். எண்ணெய் கசிந்து, காற்று ஏறி, அடிக்க அடிக்க ஏறாமல் நிற்கும்.

இதில் நம்ம ஊர் மண் வேறு. சாத்தூர், விருதுநகர் பக்கம் கரிசல். ஐப்பசியில் நாலு தூறல் விழுந்துவிட்டால் அது மண் இல்லை, பசை. தீபாவளிச் சரக்கு ஏற்றின லாரிகள் வரிசையாகப் போகிற மாதமும் அதே ஐப்பசிதான். ரோட்டை விட்டு இறங்கி ஓரங்கட்டினால் ஜாக்கி மேலே போவதற்குப் பதில் கீழே போகும். ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அளவு, அதன் மேல் ஐந்து டன்னுக்கு மேல். அடியில் ஒரு செங்கல் வைப்பார்கள், அது பிளக்கும். அதற்கு மேல் இன்னொரு செங்கல். ரயில் தண்டவாளக் கட்டை மாதிரி நல்ல கெட்டிப் பலகை ஒன்றை வண்டியிலேயே போட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? “இடத்த அடைக்கும் அண்ணாச்சி.” டிக்கியில் பார்சல் போட இடம் இருக்கிறது, பலகைக்கு இடமில்லை. அந்தப் பார்சலுக்கு அடியில்தான் ஜாக்கியே இருக்கிறது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். அச்சுக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற ஸ்டாண்ட் என்று ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடுகிறவர்களுக்கு எந்தச் சாமி துணை என்று தெரியவில்லை.

நம் பகுதிக்கென்றே ஒரு கூத்து இருக்கிறது. பட்டாசு அறைக்குள் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது. பித்தளை, மரம், கீழே ரப்பர் பாய். ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பார்த்த ஊர் இது. அறைக்குள் இத்தனை பத்தியம். அதே பெட்டிகள் லாரியில் ஏறி ஆலை கேட்டைத் தாண்டியதும் பத்தியம் முடிந்துவிடுகிறது. வழியில் டயர் போனால், நட்டு வரவில்லை என்று பத்துக் கிலோ சம்மட்டியால் இரும்பின் மேல் இரும்பை அடிப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிட்டு நட்டைச் சுடச் சொல்வார்கள். மேலே முழு லோடு பட்டாசு! சில பழைய பஞ்சர் கடைகளில் இன்னும் டியூபில் ஒட்டுப் போடுவது எப்படித் தெரியுமா, பழைய பிஸ்டனைக் கிண்ணம் மாதிரி வைத்து அதில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி. அந்தக் கடை வாசலிலேயே லாரி நிற்கும்.

அதற்காகப் பித்தளை ஸ்பேனர் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பொறி பறக்காத வெண்கலக் கலவைச் சாமான்கள் கிடைக்கின்றன, ஆனால் அவை இரும்பை விட மெத்து. சக்கர நட்டு கேட்கிற முறுக்குக்கு வாய் திறந்துகொள்ளும். பட்டாசு லோடு வண்டிக்கு வேண்டியது அடிக்கவும் சுடவும் தேவையே வராத ஏற்பாடு. அந்தப் பல்சக்கரப் பெட்டியைத்தான் மறுபடி சொல்கிறேன். சத்தமில்லை, பொறியில்லை. லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஷெட்டிலேயே நட்டுகளை ஒரு முறை தளர்த்தி, அளவாக இறுக்கி வைத்துவிட்டால் பாதி வழியில் சம்மட்டிக்கு என்ன வேலை?

நட்டுக் கழன்ற பிறகு சக்கரத்தைத் தூக்குகிற படலம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை எழுதி வைத்தது. நம் பையன் நாற்பத்தைந்து கிலோ இருப்பான், அவன் தூக்குவது நூறு கிலோ. கடப்பாரையை டயருக்கடியில் கொடுத்து, முழங்காலால் முட்டி, ஓட்டைகளை ஸ்டட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, “தள்ளு தள்ளு தள்ளு!” ஸ்டட்டின் மரையில் டிஸ்க் உரசி மரை போகும், அடுத்த தடவை நட்டு ஏறாது. சக்கரம் சாய்ந்தால் பிடிக்கப் போகக் கூடாது, விலகி விழ விட வேண்டும். இதைப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை, டிஸ்க் கோணிப்போனால் திட்டுவோமே என்று பயந்து பிடிக்கப் போவார்கள்.

சிவகாசி அச்சகங்களுக்குள் போய்ப் பாருங்கள். டன் கணக்கில் காகிதம், ஒரு ஆள், ஒரு ஹேண்ட் டிராலி. கைப்பிடியை நாலு தடவை அழுத்தினால் பேலட் எழும்பிக்கொள்ளும், ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போவார். காலண்டர் தாளுக்குக் கிடைத்த மரியாதை கிளீனர் பையன் முதுகுக்குக் கிடைக்கவில்லை. சக்கரத்துக்கென்றே வீல் டாலி உண்டு. இரண்டு கை, கைகளில் உருளைகள், அடியில் குட்டிச் சக்கரங்கள். டயரின் அடியில் செருகி எழுப்பினால் சக்கரம் உருளை மேல் உட்காரும், விரலால் திருப்பி ஓட்டையை ஸ்டட்டுக்கு நேராக வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊர் லேத் பட்டறைக்காரர்கள் நாலு ஆங்கிள், நாலு காஸ்டர் வைத்து ஒரே நாளில் செய்துவிடுவார்கள். அச்சு மிஷினுக்கே பாகம் கடைகிறவர்கள் அவர்கள். ஆனால் கேட்கத்தான் ஆளில்லை. டாலி ரோட்டோரக் கரிசலுக்கு உதவாது என்பது உண்மை. அங்கே ஒரு தகரத் தகட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, சக்கரத்தை அதன் மேல் நிறுத்தி வழுக்கி உள்ளே தள்ளலாம். சக்கரத்தை ஸ்டட் உயரத்துக்குத் தூக்குவதற்குப் பதில், ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி ஸ்டட்டைச் சக்கரத்தின் உயரத்துக்குக் கொண்டுவரலாம். செலவே இல்லாத வித்தை, பழைய டிரைவர்களுக்குத் தெரியும். அவசரத்தில் எவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

லாக் ரிங் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் மனசு ஆறாது. பழைய இருபது இஞ்ச் டிஸ்க்கில் டயரைப் பிடித்திருப்பது ஒரு வளையம். நூறு பவுண்டுக்கு மேல் காற்று ஏறும்போது அது சரியாக உட்காராமல் இருந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். அமெரிக்காவில் 1980-ல் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நம் கடைகளில் வளையப் பக்கத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போடுவார்கள், விவரமானவர்கள் சங்கிலி சுற்றுவார்கள். மற்றவர்கள் மேலே ஒரு காலை வைத்துக்கொண்டு அடிப்பார்கள்.

மாட்டின பிறகும் கதை முடிவதில்லை. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குப் போகும் முன் டிஸ்க்குக்குத் தடியாகப் பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். டிஸ்க்கும் ஹப்பும் சேருகிற முகத்திலும் பெயின்ட். ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி மெலியும், நட்டு தானாகத் தளரும். அதனால்தான் சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நட்டை இறுக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டு பஸ்களில் நட்டு தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு ஒன்று இருக்கும். ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டியிருப்பார்கள், அம்பு திரும்பியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். நம்ம ஆட்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிற கனடாவின் ஒன்டாரியோவில், ஓடும் லாரிகளிலிருந்து சக்கரம் கழன்று ஆட்கள் செத்த பிறகு 1997-ல் சட்டமே போட்டார்கள்: சக்கரம் கழன்றால் சாக்குப்போக்குக்கே இடமில்லை, ஐம்பதாயிரம் டாலர் வரை அபராதம். இங்கே சக்கரம் கழன்றால், “நேரம் சரியில்ல” என்பார்கள்.

எஃப்.சி.யில் ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருக்கிறது என்று காட்டுகிறோம். வண்டியில் உள்ள ஸ்பேனரைக் கொடுத்து, ‘இந்தா, ஒரே ஒரு நட்டைக் கழற்றி மாட்டிக் காட்டு’ என்று சொல்லட்டும். பாதி வண்டி அன்றைக்கே திரும்பி வரும், என் வண்டியும் சேர்த்துத்தான்.

முறுக்கு அளவு பார்த்து இறுக்குகிற பெரிய டார்க் ரெஞ்ச் விலை எங்களைப் போன்ற ஒற்றை வண்டிக்காரனுக்குக் கட்டாது. தினமும் தேவைப்படுகிற சாமானும் இல்லை. பிடியரிசி சேர்த்தும், மகமை போட்டும் பள்ளிக்கூடம் நடத்தின ஊர் விருதுநகர்; காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி நடந்ததுதான். வண்டிக்கு இவ்வளவு என்று போட்டு நாங்கள் பத்துப் பேர் ஒரு ரெஞ்ச் வாங்க முடியாதா? வண்டிக்காரர்கள் கூட்டத்தில் இதை எடுத்து வைத்தேன். யாரும் மறுக்கவில்லை. ஒருத்தர் மட்டும் எழுந்தார்.

“வாங்கிருவோம் அண்ணாச்சி. அது யாரு ஷெட்டுல இருக்கும்? அத மொதல்ல பேசி முடிங்க.”

மூன்று கூட்டம் நடந்துவிட்டது. அதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.